பிள்ளை பிராசஸ்களைத் தொலைக்காமல் இருக்க: பைத்தானில் ஸ்ட்ரக்சர்டு கன்கரன்சி

நான்கு பெரிய லாக் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை வரிகள் என்று எண்ண வேண்டும். பைத்தானின் மல்டிபிராசஸிங் மாட்யூலை வைத்து நிரல் எழுதுகிறீர்கள். மெயின் பிராசஸ், அதாவது முதலில் ஓடும் நிரல், நான்கு பிள்ளை பிராசஸ்களை, தனித்தனி நினைவகத்தோடு ஓடும் நிரல்களை, கிளப்புகிறது. ஆளுக்கொரு கோப்பைப் படித்து, எண்ணிக்கையை ஒரு கியூவில், அதாவது பிராசஸ்களுக்கு நடுவிலான செய்தி வரிசையில், போடுகின்றன. மெயின் அந்தக் கியூவில் நான்கு முறை ‘கெட்’ செய்து கூட்டிச் சொல்கிறது.

இப்போது மூன்றாவது கோப்பில் ஒரு வரி கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்த பிள்ளை எக்செப்ஷனில் விழுந்து செத்துப்போகிறது. திரையில் டிரேஸ்பேக், அதாவது பிழை எந்த வரியில் எழுந்தது என்ற விவரம், ஓடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது. மற்ற மூன்று பதில்களும் வந்துவிட்டன, நான்காவது ‘கெட்’டில் மெயின் அப்படியே நிற்கிறது. பதில் போட வேண்டியவர் உயிரோடு இல்லை என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. நீங்கள் கன்ட்ரோல்-சி அடிக்கும் வரை நிற்கும்.

சரி, கியூவை விட்டுவிட்டு ‘ஜாயின்’ செய்து காத்திருந்தால்? அதுவும் நம்மைக் காப்பாற்றாது. பிள்ளை எப்படி முடிந்தாலும் ‘ஜாயின்’ சத்தமில்லாமல் திரும்பிவிடும், எக்செப்ஷனை நம்மிடம் கொண்டுவராது. நல்லபடியாக முடிந்ததா, செத்ததா என்று ‘எக்ஸிட்கோட்’ என்ற பண்பை நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். 0 என்றால் நலம். பிழையோடு முடிந்திருந்தால் 1. இயங்குதளம் அனுப்பும் சிக்னலால் கொல்லப்பட்டிருந்தால் அந்தச் சிக்னலின் எண் மைனஸ் குறியோடு இருக்கும், -9 என்பதுபோல. நான்கு பிள்ளைகளுக்கும் இதைப் பார்க்க வேண்டும், ஒன்று செத்தால் மற்ற மூன்றை நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது மெயினிலேயே பிழை வந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கோப்பில் வரி எண்ணுகிற வேலை பத்து வரிக் கோடு. அதைச் சுற்றி எழுத வேண்டிய பாதுகாப்புக் கோடு அதைவிடப் பல மடங்கு பெரிது.

இந்தப் பாதுகாப்புக் கோடை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தவிக்காமல், மொழியும் நூலகமும் சேர்ந்து உத்தரவாதம் தரட்டும் என்பதுதான் ஸ்ட்ரக்சர்டு கன்கரன்சி. பைத்தானில் இது முதலில் ஒரே பிராசஸுக்குள் மாறி மாறி ஓடும் டாஸ்க்குகள் என்ற சிறு வேலைகளுக்கு வந்தது. டிராக்டர் என்ற நூலகம் அதைப் பல பிராசஸ்களுக்கும் கொண்டுபோகிறது. அந்த நூலகத்தின் வசதிகள் புரிய வேண்டுமானால் அடிப்படையான ஒரு விதி முதலில் மனதில் பதிய வேண்டும். மற்றதெல்லாம் அந்த விதியின் பின்விளைவுகள்.

ஒரே ஒரு விதி

ஒரு பிளாக்குக்குள் தொடங்கிய வேலை எதுவும் அந்த பிளாக்கைத் தாண்டி உயிரோடு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

சாதாரண ஃபங்ஷனுக்கு இது எப்போதும் உண்டு, நாம் கவனிப்பதில்லை. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். அது திரும்பிவந்துவிட்டது என்றால் அதன் வேலை முடிந்தது. பிழை வந்தால் கூப்பிட்டவரிடம்தான் வரும். கோப்பைத் திறந்து ‘வித்’ பிளாக்குக்குள் வைத்தால், பிளாக் முடியும்போது கோப்பு மூடப்படும். ஆனால் உள்ளே கூப்பிட்ட ஃபங்ஷன் பின்னணியில் ஒரு த்ரெட்டை, அதாவது அதே பிராசஸுக்குள் தனியாக ஓடும் இழையை, கிளப்பிவிட்டுத் திரும்பிவிட்டால் இந்த நம்பிக்கை எல்லாம் உடைந்துபோகிறது. கோப்பு மூடிய பிறகும் அந்த த்ரெட் அதில் எழுதப் பார்க்கலாம். அதில் பிழை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கூப்பிட்டவர் எப்போதோ போய்விட்டார்.

1968-ல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ‘கோ-டு’ (goto) என்ற தாவல் ஆணைக்கு எதிராக எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் வாதமும் ஏறக்குறைய இதேதான். நிரல் நினைத்த இடத்துக்குத் தாவலாம் என்றால், எழுத்தில் இருப்பதை வைத்து ஓட்டத்தை ஊகிக்க முடியாது. சீரோஎம்கியூ என்ற செய்திப் பரிமாற்ற நூலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் சுஸ்ட்ரிக் 2016-ல் ஸ்ட்ரக்சர்டு கன்கரன்சி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பைத்தானுக்கு ட்ரையோ நூலகத்தை எழுதிய நதானியேல் ஸ்மித் 2018-ல் எழுதிய நீண்ட கட்டுரையில், பின்னணியில் வேலையைக் கிளப்பிவிட்டுப் போய்விடும் எந்த ஆணையும் அந்தப் பழைய ‘கோ-டு’வுக்குச் சமம் என்று வாதிட்டார். அதன் பிறகு இந்த யோசனை கோட்லின், ஸ்விஃப்ட், ஜாவா என்று பல மொழிகளுக்குப் பரவியது.

ட்ரையோவில் இந்த விதியைக் காக்கும் பொருளுக்கு நர்சரி என்று பெயர். ‘அசிங்க் வித்’ பிளாக்காக ஒரு நர்சரியைத் திறக்கிறோம். உள்ளே ‘ஸ்டார்ட் சூன்’ என்று எத்தனை டாஸ்க் வேண்டுமானாலும் கிளப்பலாம். நர்சரி இல்லாமல் ஒரு டாஸ்க்கைக்கூடக் கிளப்ப வழியில்லை. பிளாக்கின் கடைசி வரி ஓடி முடிந்தாலும் உள்ளே ஒரு டாஸ்க் மிச்சமிருந்தால் அது முடியும் வரை நர்சரி கதவைத் திறக்காது. ஒரு டாஸ்க் பிழையில் விழுந்தால் மற்றவை எல்லாம் ரத்து செய்யப்படும், அவை முடிந்த பிறகு பிழை வெளியே வரும்.

டாஸ்க்குகளை ஓட்டப் பைத்தானோடு வரும் நூலகமான அசிங்க்ஐஓவில் நீண்ட காலம் இது இல்லை. அங்கே ‘கிரியேட் டாஸ்க்’ என்று கிளப்பிவிட்டால் அது தன்பாட்டுக்கு ஓடும். டாஸ்க்குகளை மாறி மாறி ஓட்டும் ஈவென்ட் லூப் அந்த டாஸ்க்கை வலுவாகப் பிடித்து வைத்திருப்பதுகூட இல்லை. நீங்கள் அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளவில்லை என்றால் பாதி வேலையிலேயே, பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தூக்கிவிடலாம் என்று பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே எச்சரிக்கிறது. 2022-ல் வந்த பைத்தான் 3.11-தான் இந்த நிலையை மாற்றியது. டாஸ்க்குரூப் என்ற நர்சரி போன்ற பொருள் அதில் வந்தது.

அதோடு எக்செப்ஷன்குரூப்பும் வந்தது. ஒரே நேரத்தில் பல டாஸ்க் ஓடும்போது இரண்டு பிழைகள் ஒன்றாக வர வாய்ப்புண்டு. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிட்டால் பிழை தேடுவது நரகம். அதனால் எல்லாப் பிழைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி மேலே அனுப்புகிறார்கள். பிரித்துப் பிடிக்க ‘எக்செப்ட்’ என்ற சொல்லோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்ந்த புதிய இலக்கணம் இருக்கிறது. தொடங்கும்போது இந்தப் பொட்டல டிரேஸ்பேக்குகள் மிரட்டும். மரக் கிளைபோல உள்ளே உள்ளே போகும். பழகியபின் அவை இல்லாத காலத்தில் எப்படிப் பிழை தேடினோம் என்று தோன்றும். ட்ரையோ 2024-ல் வந்த 0.25 பதிப்பிலிருந்து, ஒரே பிழை என்றாலும் பொட்டலமாகவே தரும்படி இயல்பு நிலையை மாற்றிவிட்டது. புதியவர்களுக்கு இது கூடுதல் வேலையாகத் தெரியும், எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. சில நேரம் தனிப் பிழை, சில நேரம் பொட்டலம் என்று இருந்தால் பிடிக்கும் கோடு எப்போதாவது ஒருநாள் தவறும்.

ரத்து செய்வது எளிதல்ல

நர்சரியின் வாக்குறுதியில் பாதி, மற்ற டாஸ்க்குகளை ரத்து செய்வதில் இருக்கிறது. ட்ரையோவில் ஒரு டாஸ்க் ‘அவெயிட்’ செய்து நிற்கும் இடங்களுக்கு செக்பாயின்ட் என்று பெயர். ரத்து என்றால் அந்த டாஸ்க் அடுத்த செக்பாயின்ட்டை அடையும்போது அங்கே கேன்சல்டு என்ற எக்செப்ஷன் எழும். ‘ஃபைனலி’ பிளாக்குகள் ஓடும், கோப்புகள் மூடப்படும், இணைப்புகள் விடுபடும், டாஸ்க் முடியும்.

இங்கே ட்ரையோவுக்கும் அசிங்க்ஐஓவுக்கும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. அசிங்க்ஐஓ ரத்துச் செய்தியை ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடும். நடுவில் யாராவது அதைப் பிடித்து விழுங்கிவிட்டால் டாஸ்க் எதுவுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். ட்ரையோவில் ரத்து என்பது ஒரு நிலை. ரத்தான எல்லைக்குள் எந்த செக்பாயின்ட்டை எத்தனை முறை தொட்டாலும் அது மறுபடி எழும்.

ஆனால் செக்பாயின்ட்டையே தொடாத டாஸ்க்கை என்ன செய்வது? பெரிய எண்ணின் காரணிகளைத் தேடி ஒரு லூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது ‘அவெயிட்’ செய்வதே இல்லை. அதை ரத்து செய்யவே முடியாது. அதைவிட மோசம், அந்த பிராசஸில் இருக்கும் மற்ற எல்லா டாஸ்க்குகளும் அதோடு சேர்ந்து உறைந்துபோகும். ஒரு த்ரெட்டில் போட்டால்? பைத்தானில் ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு ஜிஐஎல் என்ற பூட்டு, பல த்ரெட்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கோடை ஓட்ட முடியும் என்று வைத்திருக்கிறது. சிபியூவை வாட்டும் வேலைக்குத் தனி பிராசஸ்தான் பழகிய வழி. தனி பிராசஸ் என்றால் இன்னொரு நன்மையும் கூடவே வருகிறது. கடைசி வழியாக, இயங்குதளத்திடம் சொல்லி அதைக் கொல்ல முடியும்.

ஜிஐஎல் இல்லாத பைத்தான் 2024-ல் 3.13-ல் சோதனை முயற்சியாக வந்தது. 2025-ல் வந்த 3.14-ல் அது விருப்பத் தேர்வாக, அதிகாரபூர்வ ஆதரவோடு நிற்கிறது. இனி பிராசஸ்களே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேகம் ஒன்றுதான் காரணம் என்றால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு சி நூலகம் நினைவகத்தைக் கெடுத்து பிராசஸையே வீழ்த்தினால் த்ரெட்கள் அத்தனையும் ஒன்றாகச் சாகும். தனி பிராசஸில் இருந்தால் அது மட்டும் சாகும், மற்றவை அதைப் பற்றி முடிவெடுக்கலாம். அந்தத் தனிமைக்கு மாற்று இல்லை.

நர்சரி பிராசஸ் எல்லையைத் தாண்டும்போது

ஒரே பிராசஸுக்குள் நர்சரி வைப்பது ஒப்பீட்டளவில் எளிது. எல்லா டாஸ்க்கும் ஒரே நினைவகத்தில், ஒரே ஷெட்யூலரின் கீழ் இருக்கின்றன. இரண்டு பிராசஸ்களுக்கு நடுவில் அப்படி எதுவும் பொதுவாக இல்லை. பிள்ளையில் எழுந்த எக்செப்ஷன் பைட்டுகளாக மாறி, ஒரு இணைப்பின் வழியே பயணம் செய்து, பெற்றோர் பக்கத்தில் மறுபடி எக்செப்ஷனாக வேண்டும். ரத்து என்பதும் செய்தியாகத்தான் போக வேண்டும். செய்தி போய்ச் சேரும் முன்பே பிள்ளை செத்திருக்கலாம். பெற்றோரே செத்திருக்கலாம்.

யூனிக்ஸில் இதற்கு இரண்டு வகைச் சிக்கல்கள் தெரியும். பிள்ளை முடிந்துவிட்டது, ஆனால் பெற்றோர் ‘வெயிட்’ செய்து அதன் முடிவை வாங்கவில்லை என்றால் அது சாம்பி. ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையின் பட்டியலில் இசட் என்ற நிலையோடு அது தொங்கிக்கொண்டிருக்கும். நினைவகத்தைத் தின்னாது, பிராசஸ் பட்டியலில் ஒரு இடத்தைப் பிடித்திருக்கும். பெற்றோர் செத்துப் பிள்ளை உயிரோடு இருந்தால் அது அநாதை. அதைப் பெரும்பாலும் 1-ம் எண் பிராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். இரண்டில் அநாதைதான் ஆபத்து. சிபியூவைத் தின்றுகொண்டு, நெட்வொர்க் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஓடும். நிரலை மறுபடி கிளப்பினால் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது.

டிராக்டர் ட்ரையோவின் மேல் எழுப்பப்பட்டது. ஒவ்வொரு பிராசஸும் ஓர் ஆக்டர். அதாவது தனக்கென நினைவகம், வெளியுலகோடு செய்தி மூலம் மட்டும் பேச்சு. கார்ல் ஹூவிட்டும் சகாக்களும் 1973-ல் முன்வைத்த ஆக்டர் மாதிரியும், எரிக்சன் நிறுவனத்தில் உருவான எர்லாங் மொழியில் பிள்ளைகள் செத்தால் கவனித்துக்கொள்ளும் மேற்பார்வை மரங்களும் இதற்கு முன்னோடிகள். ஒவ்வொரு ஆக்டருக்குள்ளும் முழுமையான ஒரு ட்ரையோ ஓட்டம் இருக்கும். ஆக, பிராசஸ்களின் மரம், அந்த மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் டாஸ்க்குகளின் மரம். சாம்பி பிராசஸ் ஒன்றை உங்களால் உண்டாக்க முடிந்தால் அது நூலகத்தின் பிழை என்று அந்தத் திட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இப்படி ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் நூலகங்கள் மிகக் குறைவு.

நம் லாக் கோப்பு நிரலை இதில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மெயினில் ‘ஓப்பன் நர்சரி’ என்று டிராக்டரின் நர்சரியை ‘அசிங்க் வித்’ பிளாக்காகத் திறக்கிறோம். உள்ளே ‘ரன் இன் ஆக்டர்’ என்று நான்கு முறை, கோப்பின் பெயரைக் கொடுத்து, எண்ணும் ஃபங்ஷனை ஓட்டச் சொல்கிறோம். ஒவ்வொரு அழைப்பும் ஒரு போர்ட்டலைத் திருப்பித் தருகிறது. அந்தப் பிள்ளையோடு பேசும் வாசல் அது. மூன்றாவது கோப்பின் கெட்ட வரியில் பிள்ளை எக்செப்ஷனில் விழுகிறது. அந்த ஆக்டரின் உள்ளே இருக்கும் டிராக்டர் அதைப் பிடித்து, டிரேஸ்பேக் எழுத்தோடு கட்டி, பெற்றோருக்கு அனுப்புகிறது. பெற்றோர் பக்கத்தில் அது ரிமோட்ஆக்டர்எரர் என்ற எக்செப்ஷனாக எழுகிறது. மூலப் பிழை எந்த வகை என்பதையும் அது சுமந்துவருகிறது. நர்சரி உடனே மற்ற மூன்று ஆக்டர்களுக்கும் ரத்துச் செய்தி அனுப்புகிறது. அவை செக்பாயின்ட்டில் நின்று, கோப்புகளை மூடி, முடிகின்றன. நர்சரி நான்கு பிராசஸ்களின் முடிவையும் வாங்கிக்கொண்ட பிறகே பிழையை மேலே விடுகிறது. ‘கெட்’டில் உறைந்து நிற்பது என்ற நிலைமையே எழுவதில்லை.

எண்ணும் லூப் ‘அவெயிட்’ செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தால்? ரத்துச் செய்தி அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டிராக்டர் இயங்குதளத்தின் சிக்னலை வைத்துக் கொல்லும். அப்போது ‘ஃபைனலி’ பிளாக்குகள் ஓடும் என்று நம்ப முடியாது. அதனால் நீண்ட கணக்கு லூப்பில், ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை என்பதுபோல, ட்ரையோவின் ஒரு செக்பாயின்ட்டைத் தொட்டுச் செல்வது நல்ல பழக்கம். செலவு சொற்பம், பலன் பெரிது.

பெற்றோர் திடீரென்று மறைந்தால் பிள்ளை என்ன செய்யும் என்பதும் முக்கியம். பெற்றோருடனான இணைப்பு அறுந்துபோனதைப் பிள்ளை ஆக்டர் தன்னை நிறுத்திக்கொள்வதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. அநாதைகள் உருவாகும் வழியை இது வேரிலேயே அடைக்கிறது.

காண்டெக்ஸ்ட், ஸ்ட்ரீம்

‘ரன் இன் ஆக்டர்’ ஒரு வேலை, ஒரு பதில் என்பதற்குப் போதும். நெடுநேரம் உயிரோடு இருக்கும் பிள்ளையோடு உரையாட வேண்டுமானால் ‘ஸ்டார்ட் ஆக்டர்’ என்று கிளப்பி, போர்ட்டலில் ‘ஓப்பன் காண்டெக்ஸ்ட்’ என்று திறக்க வேண்டும். டிராக்டரில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான், இதில் கொஞ்சம் நிற்போம்.

பெற்றோரின் ஒரு டாஸ்க்கையும் பிள்ளையின் ஒரு டாஸ்க்கையும் காண்டெக்ஸ்ட் ஜோடியாகக் கட்டுகிறது. பிள்ளை பக்கத்து ஃபங்ஷன் தன் முதல் வேலைகளை, உதாரணமாக ஒரு தரவுத்தளத்தோடு இணைவதை, முடித்துவிட்டு ‘ஸ்டார்ட்டட்’ என்று ஒரு மதிப்போடு சொல்ல வேண்டும். அது வரும் வரை பெற்றோர் ‘அசிங்க் வித்’ வரியிலேயே காத்திருக்கும். பிள்ளை தயாராகிவிட்டதா என்று அரை நொடி தூங்கிப் பார்ப்பது, மறுபடி கேட்பது என்ற பழைய வித்தைகள் தேவையில்லை. பெற்றோரின் பிளாக்கில் பிழை வந்தால் பிள்ளையின் டாஸ்க் ரத்தாகும். பிள்ளையில் பிழை வந்தால் பெற்றோரின் பிளாக் ரத்தாகி, அந்தப் பிழை அங்கே எழும். பிளாக் நல்லபடியாக முடிந்தால் பிள்ளையின் டாஸ்க்கும் முடியும் வரை காத்திருந்து, அதன் பதிலையும் வாங்கிக்கொள்ளும். ஒரு ‘வித்’ பிளாக்கின் தொடக்கமும் முடிவும் இரண்டு பிராசஸ்களில் ஒரே நேரத்தில் பொருள் தருகிறது. முதல் பகுதியில் சொன்ன விதி பிராசஸ் எல்லையைத் தாண்டி அப்படியே நிற்கிறது.

காண்டெக்ஸ்டுக்குள் இரண்டு பக்கமும் ‘ஓப்பன் ஸ்ட்ரீம்’ செய்தால் இருவழிச் செய்தி ஓட்டம் கிடைக்கும். ஒரு பக்கம் ‘சென்ட்’, மறுபக்கம் ‘அசிங்க் ஃபார்’ லூப். அனுப்புபவர் வேகமாகவும் வாங்குபவர் மெதுவாகவும் இருந்தால் இடைத்தேக்கம் நிரம்பிவிடும். அப்போது டிராக்டர் அமைதியாகச் செய்தியை உதிர்ப்பதில்லை. ஸ்ட்ரீம்ஓவர்ரன் என்ற பிழையை எழுப்புகிறது. தேக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவும் விருப்பத் தேர்வு உண்டு. ஒரே ஸ்ட்ரீமைப் பல டாஸ்க்குகள் கேட்க வேண்டுமானால் ‘சப்ஸ்கிரைப்’ செய்யலாம். பின்தங்கிவிட்ட டாஸ்க்குக்கு லேக்டு என்ற பிழை வரும். ரஸ்ட் மொழியின் டோக்கியோ நூலகத்தில் இருக்கும் பிராட்காஸ்ட் சேனலை ஒட்டிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இன்னொரு சிறு கட்டுப்பாடும் உண்டு, தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஓர் ஆக்டரைக் கிளப்பும்போது எந்தெந்த மாட்யூல்களில் இருக்கும் ஃபங்ஷன்களை வெளியிலிருந்து கூப்பிடலாம் என்று பட்டியல் தர வேண்டும். பட்டியலில் இல்லாததைக் கூப்பிட்டால் மாட்யூல்நாட்எக்ஸ்போஸ்டு என்ற பிழை வரும். தொல்லையாகத் தெரிந்தாலும், இன்னொரு பிராசஸ் நம்மை எதையும் ஓட்டச் சொல்லலாம் என்று திறந்து விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பல பிராசஸ், ஒரே டெர்மினல்

பல பிராசஸ் நிரலை டீபக் செய்தவர்களுக்கு இந்தப் பகுதியின் அருமை தெரியும். பிள்ளை பிராசஸுக்குள் பிடிபி என்ற பைத்தானின் சாதாரண டீபக்கரைத் திறந்தால் பெரும்பாலும் உடனே பிழையோடு மூடிக்கொள்ளும். மல்டிபிராசஸிங் பிள்ளையின் உள்ளீட்டை அடைத்துவிடுவதுதான் காரணம். அதை எப்படியோ திறந்துவைத்தாலும் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே விசைப்பலகைக்குப் போட்டியிடும். நீங்கள் அடித்த முதல் எழுத்து ஒன்றுக்கும் இரண்டாவது எழுத்து இன்னொன்றுக்கும் போகும்.

டிராக்டரில் ‘டீபக் மோட்’ என்பதை ஆன் செய்துவிட்டால் எந்த ஆக்டர் பிழையில் விழுந்தாலும் அதே இடத்தில், அதே பிராசஸுக்குள், பிடிபிபி என்ற டீபக்கர் திறக்கும். ‘பாஸ்’ என்று எழுதி நாமே நிறுத்தவும் செய்யலாம். டெர்மினலுக்கு ஒரு பூட்டு உண்டு, அது மரத்தின் வேரில் இருக்கும் ஆக்டரிடம் இருக்கிறது. டீபக்கர் வேண்டும் பிள்ளை வேரிடம் பூட்டைக் கேட்டு வாங்கும். வாங்கியிருக்கும் வரை மற்றவை வரிசையில் நிற்கும். நீங்கள் ஒன்றைப் பார்த்து முடித்ததும் அடுத்தது திறக்கும். டீபக்கருக்குள் இருக்கும்போது கன்ட்ரோல்-சி அடித்தால் மொத்த மரமும் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எந்தப் பிள்ளையில் பிழை என்று தெரியாமல் நூறு இடத்தில் பிரிண்ட் போட்டுத் தேடும் வேலை இதனால் பெருமளவு குறைகிறது. மற்ற எதற்கும் இல்லாவிட்டாலும் இதற்காகவே ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்பேன்.

அசிங்க்ஐஓவில் எழுதிய நூலகங்களை விட்டுவிட முடியாதே என்ற கவலைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆக்டரை அசிங்க்ஐஓ லூப்பின் மேல் ட்ரையோ விருந்தாளியாக ஓடும்படி கிளப்பலாம். அந்த ஆக்டருக்குள் இரண்டு வகை டாஸ்க்குகளும் பேசிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் மற்ற ஆக்டர்களைப் போலவே ரத்துக்குக் கட்டுப்படும்.

பைத்தானிலேயே வந்த மாற்றங்கள்

வெளி நூலகம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் நிலைமை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. வேலைகளைப் பிள்ளை பிராசஸ்களின் ஒரு குழுவுக்குப் பிரித்துத் தரும் பிராசஸ்பூல்எக்ஸிக்யூட்டர் பழையதுதான். அதில் பிள்ளையில் எழுந்த பிழை ‘ரிசல்ட்’ கேட்கும்போது நம்மிடம் வரும், பிள்ளை திடீரெனச் செத்தால் புரோக்கன்பிராசஸ்பூல் என்ற பிழை எழும். அதனால் நம் நான்கு கோப்பு உதாரணம் போன்ற எளிய வேலைக்கு இதுவே போதும். குறை என்னவென்றால், ஓடத் தொடங்கிவிட்ட வேலையை ‘கேன்சல்’ செய்ய முடியாது, ‘வித்’ பிளாக் எல்லா வேலையும் முடியும் வரை காத்திருக்கும். 3.14-ல் ‘டெர்மினேட் வொர்க்கர்ஸ்’, ‘கில் வொர்க்கர்ஸ்’ என்று இரண்டு வழிகள் சேர்ந்தன. நாசூக்கில்லாத வழிகள்தான், ஆனாலும் முன்பு அவையும் இல்லை.

லினக்ஸ் பயனர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 3.14-லிருந்து மல்டிபிராசஸிங் இயல்பாக ‘ஃபோர்க்’ செய்வதில்லை, அதாவது ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுத்துப் பிள்ளையாக்குவதில்லை; பிள்ளைகளைத் தனியொரு பிராசஸ் கிளப்பித் தரும் ‘ஃபோர்க்சர்வர்’ முறைக்கு மாறிவிட்டது. ஃபோர்க் செய்யும்போது அதைக் கூப்பிட்ட த்ரெட் மட்டுமே பிள்ளையில் தொடரும். வேறொரு த்ரெட் அந்த நொடியில் ஒரு பூட்டைப் பிடித்திருந்தால், திறக்க ஆளில்லாத அந்தப் பூட்டு பிள்ளையில் பூட்டியபடியே இருக்கும். எப்போதாவது ஒருமுறை மட்டும் உறைந்துபோகும் நிரல்களுக்கு இது பழைய காரணம். 3.12 இதற்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கியது, 3.14 இயல்பையே மாற்றியது. இதன் விளைவாக, ‘இஃப் __நேம்__ == '__மெயின்__'’ என்ற காவல் வரி இல்லாமல் லினக்ஸில் இத்தனை நாள் ஓடிய நிரல்கள் இப்போது பிழை காட்டும். விண்டோஸிலும் மேக்கிலும் எழுதுபவர்களுக்கு இந்த வரி முன்பே பழக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை எட்டிப் பார்க்கவும் 3.14 வசதி தருகிறது. ‘பைத்தான் -எம் அசிங்க்ஐஓ பிஎஸ்ட்ரீ’ என்று எழுதி பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த பிராசஸுக்குள் எந்த டாஸ்க் எதற்காகக் காத்திருக்கிறது என்று மரமாக வரைந்து காட்டும். டாஸ்க்குகளை நர்சரிக்குள் வைத்து எழுதியிருந்தால் இந்த மரம் உங்கள் கோடின் வடிவத்திலேயே இருக்கும். கண்டபடி கிளப்பிவிட்டிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகத்தான் தெரியும்.

எங்கே தொடங்குவது

நேராக டிராக்டருக்குப் போகாதீர்கள். முதலில் ட்ரையோவிலோ, 3.11-க்குப் பிந்தைய அசிங்க்ஐஓவின் டாஸ்க்குரூப்பிலோ சில சிறிய நிரல்களை எழுதுங்கள். ஒரு டாஸ்க்கில் வேண்டுமென்றே பிழையை எழுப்பி, மற்றவை எங்கே ரத்தாகின்றன என்று ஒவ்வொரு ‘ஃபைனலி’யிலும் ஒரு பிரிண்ட் வைத்துப் பாருங்கள். ரத்து எந்த வரியில் வந்து இறங்குகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டால் பிராசஸ்களுக்குப் போவது எளிது.

டிராக்டர் இன்னும் ஆல்ஃபா நிலையில் இருக்கும் நூலகம். பெயர்களும் அழைப்பு முறைகளும் மாறக்கூடும், இணையத்தில் பார்க்கும் பழைய உதாரணம் அப்படியே ஓடாமல் போகலாம். நிறுத்தவே கூடாத சேவையில் வைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கற்றுக்கொள்ளவும், தரவு ஓட்டங்களைக் கையாளும் சொந்தக் கருவிகளை எழுதவும் தாராளமாக எடுக்கலாம்.

எடுத்தவுடன் இதைச் செய்து பாருங்கள். மூன்று பிள்ளை ஆக்டர்களை நெடுநேரம் தூங்க விட்டு நிரலைக் கிளப்புங்கள். இன்னொரு டெர்மினலில் பிஎஸ் கட்டளையை மர வடிவில் ஓட்டி நான்கு பிராசஸ்களையும் அடையாளம் காணுங்கள். மெயினில் ஒரே ஒரு கன்ட்ரோல்-சி அடியுங்கள். பிறகு பிஎஸ்-ஐ மறுபடி ஓட்டுங்கள். அதே சோதனையை மல்டிபிராசஸிங்கில் எழுதிய நிரலோடும் செய்யுங்கள், அங்கே மெயின் பிராசஸை மட்டும் 9-ம் எண் சிக்னலால் கொன்று, பட்டியலில் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.